பயறு வீட்டு டீச்சர் தொடாத பூ

சிவப்பை ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார் மா இன்சுக் டீச்சர். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு கை உப்பு போடுடீ. ருசியா இருந்துச்சுன்னா பூசுறதுக்கு முன்னாடி தின்னே தீத்துடுவாங்க" என்றார். பீட்ரூட் சாற்றில் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சிய வண்ணம் அது. மஞ்சளுக்குப் பூசணி, பச்சைக்குப் பசலைக்கீரை, கறுப்புக்கு எள். தன் நாக்கு பார்க்காத எதையும் அவர் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை. இத்தனை வருடத்தில் அக்கா தின்ற வண்ணத்தை வைத்து ஒரு புத்தர் கோயிலின் உத்தரம் முழுக்கத் தீட்டியிருக்கலாம் என்பாள் ஜங்ஹே. சமையலும் பிள்ளை பார்ப்பதுமாக அவருக்கு ஒத்தாசைக்கு இருப்பவள் அவள். தனியாக இருந்தால் 'அக்கா', பெற்றோர் வந்து நின்றால் 'டீச்சர்'.

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக் காற்றில் வெளுத்துப்போன அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது அவர் ஊர்ப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வீடு. கதவில் 'பயறு வீடு' என்று எழுதியிருக்கும். மூன்று வயது நிறையாத ஏழு பயறுகள் காலையில் வந்து செருப்பை உதறிவிட்டு ஓடுவார்கள். தரைத்தளமாகப் பார்த்து வாங்கியது இதற்காகத்தான். "கீழ்வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்ட முடியாது பாருங்க. கீழ மண்ணுதான். மண்ணு கோச்சுக்காது" என்பார் இன்சுக். பின்னாலிருக்கும் சின்ன அறையில் அவருடைய கணவர் பகலெல்லாம் சத்தம் காட்டாமல் வாழ்கிறார். ஒருநாள் வழுக்கைத் தலையில் யாரோ ஒட்டிவிட்ட தவளை ஸ்டிக்கரோடு மீன் சந்தைவரை போய்வந்த மனிதர். அதை அன்று அவரிடம் யாருமே சொல்லவில்லை, இன்சுக் உட்பட.

பயறு வீட்டில் முதல் பாடம் கிழிப்பது. பழைய செய்தித்தாளை மலையாகக் குவித்து நடுவில் பிள்ளைகளை இறக்கி விடுவார். வீட்டில் எதைக் கிழித்தாலும் அடி. இங்கே கிழித்தால் கைதட்டல். அடுத்தது பிசைவது. ஊறவைத்த கடற்பாசி வழவழவென்று தொட்டியில் கிடக்கும். பிள்ளைகள் முழங்கைவரை விட்டு அளைவார்கள். வேகவைத்த சேமியா, நசுக்கிய டோஃபு, மைதா மாவு. அப்புறம்தான் அச்சு. தாமரைக் கிழங்கை வட்டமாக நறுக்கி வண்ணத்தில் தோய்த்து வைத்தால் ஓட்டை ஓட்டையாக ஒரு பூ விழும். விழுந்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்று ஜங்ஹேயிடம் அவர் சொல்லாத நாளில்லை.

பிள்ளைகள் வேலை செய்யும்போது இன்சுக் நிற்கும் நிலை ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அணைக்கட்டைப் பார்வையிட வந்த அதிகாரிபோல நடப்பார். "என் கை சும்மா இருக்காது. அதான் பின்னாடி பூட்டி வெச்சிருக்கேன்." பூட்டு ஒருநாளும் திறந்ததில்லை. பூனைக்கு மூன்று கண் வந்தால் மூன்று கண்ணோடுதான் அது வீடு போகும். மீனுக்குக் கால் முளைத்தால் அது நடந்தே போகட்டும். மாலையில் பிள்ளைகளின் கைவேலையைப் படமெடுத்துத் தாய்மாருக்கு அனுப்புவது இந்த ஊரில் கட்டாயம்போல ஆகிவிட்டது. அதற்காகவே பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து கோணல் கண்ணை நேராக்குகிற டீச்சர்கள் உண்டு. இன்சுக்குக்கு அந்தக் கதையைக் கேட்டாலே மூக்கு விடைக்கும். "அவங்க டீச்சருக்கு நல்லா வரையத் தெரியுதுன்னு சந்தோஷப்பட்டுக்கலாம், அவ்வளவுதான்."

இதற்கு உச்சம் மே மாதம் எட்டாம் தேதி. பெற்றோர் தினம். அன்று ஊரில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு சிவப்பு கார்னேஷன் பூ இருந்தாக வேண்டும். நூற்றேழாம் எண் கட்டடத்தில் இதேபோல் பிள்ளை பார்க்கும் வானவில் வீட்டிலிருந்து வரும் பூக்கள் கடையில் வைத்து விற்கலாம் போலிருக்கும்; அத்தனையும் கம்பளித் துணியில், பச்சை இலை வைத்து, ரிப்பன் கட்டி. பேசக்கூடத் தெரியாத பிள்ளை ரிப்பன் கட்டியது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பயறு வீட்டுப் பூ என்பது பிள்ளைகளே சிவப்புப் பூசிக் காயவைத்து, கிழித்து, மைதாப் பசையில் ஒட்டிய காகிதக் குவியல். போன வருடம் ஒரு தகப்பன் அதைக் குத்திக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறார். "சார், சட்டையில கிம்ச்சி ஊறுகாய் ஒட்டியிருக்கு" என்று மேலதிகாரி துடைக்கக் காகிதம் எடுத்து நீட்டினாராம். அந்த மனிதர் துடைக்கவுமில்லை, கழற்றவுமில்லை. மாலைவரை அப்படியே இருந்துவிட்டு நேராக இங்கே வந்து சொல்லிச் சிரித்தார். இதை இன்சுக் சொல்லக் கேட்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த பதக்கத்தைப் பற்றிக்கூட அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வருடம் அந்தப் பெருமைக்குத்தான் சோதனை வந்தது. காவோன் என்று ஒரு பையன். இரண்டு வயது ஆகப்போகிறது. எதையும் தொடமாட்டான். பசை என்றால் முஷ்டி மூடிக்கொள்ளும், வண்ணம் என்றால் இரண்டு கையும் அக்குளுக்குள் போய்விடும். கடற்பாசித் தொட்டியைப் பார்த்து அவன் போட்ட கூச்சலில் மூன்றாம் மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டது. சுவரில் மற்றப் பிள்ளைகளின் வேலைகளுக்கு நடுவே அவன் பெயர் எழுதிய வெற்றுக் காகிதங்கள் வரிசையாகத் தொங்கும். வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல். "இதை எதுக்கு அக்கா மாட்டுற?" என்றாள் ஜங்ஹே ஒருநாள். "இன்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கான்டீ. அதுவும் அவன் வேலைதானே" என்றார் இன்சுக்.

காவோனின் அம்மாவுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவள். ஆறாம் தேதி மாலை பையனைக் கூட்டிப்போக வந்தபோது செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், நாளன்னைக்கு அவங்க அப்பா கப்பல்லேர்ந்து இறங்குறாரு. ஏழு மாசம் ஆச்சு. எல்லார் வீட்டு அப்பாவும் நெஞ்சுல பூ வெச்சுட்டு இருக்கறப்போ இவர் மட்டும் வெள்ளைக் காயிதத்தையா குத்திக்குவாரு?"

"நாளைக்குப் பண்றோம் காவோன் அம்மா. அவன் தொட்டா நிச்சயம் வரும்."

"தொடமாட்டான். உங்களுக்கே தெரியும். கையப் புடிச்சு ஒரு தடவ அழுத்துங்க, போதும். ஒரே ஒரு தடவ. வானவில்ல எல்லாருக்கும் பண்ணித் தர்றாங்களே."

"அழுத்தினா அது என் பூவாயிடும்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. மாமியார் போனில் கேட்பதும், புள்ளைக்கு ஏதாவது குறையா என்று நாத்தனார் கேட்பதும் சேர்ந்து வந்து நின்றது. "நாளைக்கும் வெறும் காயிதம்தான்னா, அடுத்த வாரத்துலேர்ந்து அவன் வானவில்லுக்குப் போறான் டீச்சர். மன்னிச்சுக்குங்க" என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பேட்டையில் பிள்ளை பிறப்பதே அபூர்வமாகிவிட்டது. இவர்கள் வீட்டைப்போலவே பிள்ளை பார்த்த பக்கத்துத் தெரு வீடு இப்போது முதியோர் பகல் இல்லம்; அதே மஞ்சள் வண்டி, அதே ஓட்டுநர், ஏறுகிறவர்கள் மட்டும் எண்பது வயதுக்காரர்கள். ஏழில் ஒன்று போனால் ஜங்ஹேயை வைத்துக்கொள்ள முடியாது. ஜங்ஹே போனால் வீட்டை நடத்த முடியாது. இது இருவருக்கும் தெரியும்.

"புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காத அக்கா" என்றாள் ஜங்ஹே. "ஒரு சின்ன அச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவனுக்குத் தெரியும்."

"அவனுக்கு ரெண்டு வயசு!"

"அதனாலதான்."

மறுநாள் காலையில் மற்ற ஆறு பேரும் சிவப்புக் காகிதத்தைக் கிழித்துப் பசையில் குளித்து எழுந்தார்கள். மேசை, தரை, ஒருத்தியின் புருவம் எல்லாம் பூ. காவோன் சுவரோரமாக நின்று பார்த்தான். அவ்வளவுதான்.

மதியம் பிள்ளைகள் தூங்கினார்கள். தூக்கத்தில் காவோனின் முஷ்டி தளர்ந்து, உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து கிடந்தது. இன்சுக் வண்ணக் கிண்ணத்தை எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த மனுஷி, பெருமைக்காரி, அன்றைக்குப் பயந்துபோயிருந்தார் என்பதுதான் உண்மை. ஒரே அழுத்து, அவன் எழுந்திருக்கக்கூட மாட்டான், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். கதவிடுக்கிலிருந்து ஜங்ஹே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்சுக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

தூங்கி எழுந்த பிறகு இன்னொரு முறை மேசை போட்டார்கள். படமெடுக்கும் நாள் என்று புது ஏப்ரன் ஒன்றைக் கட்டியிருந்தார் இன்சுக். அவருடைய நாத்தனார் சியோலிலிருந்து வாங்கி அனுப்பிய வெள்ளை லினன். தரையில் மண்டியிட்டு, கையைப் பின்னால் பூட்டிக்கொண்டு, புருவத்தில் பூ ஒட்டிய அந்த நாரி என்ற குட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நாரியின் உள்ளங்கையில் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள் கையை உதறினாள், நக்கினாள், பிறகு பக்கத்தில் நின்ற காவோனின் முகத்துக்கு நேராக நீட்டினாள். எடு என்று அர்த்தம்.

காவோன் அந்தக் கையைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். உதவிக்கு யாரும் வரவில்லை. இரண்டு விரல் நுனியால் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. நாரி ஓடிப்போனாள். துண்டு இப்போது அவன் விரலில்.

அடுத்து வந்தது அலறல். உதறினான், போகவில்லை. மறுகையால் பிடுங்கினான், அந்தக் கைக்குத் தாவியது. பசையும் சிவப்பும் ஐந்து விரலுக்கும் பரவியது. ஜங்ஹே துவாலையை எடுத்துக்கொண்டு ஓடிவர, "கிட்ட வராத!" என்றார் இன்சுக். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. காவோன் அழுதுகொண்டே தத்தித் தத்தி அவரிடம் வந்தான். மண்டியிட்டிருந்தவரின் நெஞ்சு அவன் உயரத்துக்கு இருந்தது. இடப்பக்கத்தில் கையை வைத்து, மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சுத்தம். அழுகை நின்றது. விரலிடுக்கில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்ததை இன்னொரு முறை துடைத்தான். இந்த முறை அழாமல், நிதானமாக.

இன்சுக் அசையவில்லை. பின்னால் கோத்த கைகள் கோத்தபடியே இருந்தன. "பாத்தியாடீ" என்றார் ஜங்ஹேயிடம். "பாத்தியா! நான் தொடல."

மாலையில் காவோனின் அம்மா வந்தாள். மற்றப் பிள்ளைகளின் பைகளில் பூக்கள் தொங்கின. காவோனின் பையில் வழக்கம்போல வெள்ளைக் காகிதம். அவள் அதைப் பார்த்துவிட்டு நான்காக மடித்தாள்.

"காயிதத்துல இல்லம்மா. இங்க பாருங்க" என்று இன்சுக் நிமிர்ந்து நின்றார். வெள்ளை லினனில் ஐந்து விரல்களின் சிவப்புத் தடம், அதன் நடுவே கிழிந்த ஒரு காகிதத் துண்டு, காய்ந்து ஒட்டிப்போய். "பொய் சொல்ல மாட்டேன். இது அவன் உங்களுக்காகப் பண்ணல, அப்பாவுக்காகவும் பண்ணல. கை பிசுபிசுன்னு இருந்துச்சு, என்மேல துடைச்சான். ரெண்டாவது தடவ அழாம துடைச்சான். மொத்தமும் அவன் கை. நானும் தொடல, இவளும் தொடல."

அவள் பக்கத்தில் வந்து பார்த்தாள். ஒவ்வொரு தடமாகப் பார்த்தாள். "இது சுண்டு விரலா டீச்சர்?"

"ஆமா. கடைசில வளைஞ்சிருக்கு பாருங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. காவோன் அவள் காலைக் கட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். "அடுத்த வாரத்துலேர்ந்து ஒரு பழைய துவாலை குடுத்தனுப்புறேன் டீச்சர்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "துடைச்சுக்கட்டும்." பிறகு கைப்பேசியை எடுத்தாள். "கொஞ்சம் அப்படியே நில்லுங்க, ஒரு படம். நாளைக்கு அவருக்குக் காட்டணும்."

"படம் எதுக்கு? நெஞ்சுல படத்தையா குத்துவாரு?" என்ற இன்சுக், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"அக்கா! புதுசு!" என்று பெற்றோர் எதிரிலேயே கத்திவிட்டாள் ஜங்ஹே.

அதற்குள் லினன் கீறிவிட்டது. கத்தரி முனைகூடச் சிவப்பில் படாமல், தாராளமாக ஓரம் விட்டு, வட்டமாக வெட்டினார். ஏப்ரனில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே போட்டிருந்த பழைய சட்டை தெரிந்தது. வெட்டி எடுத்ததைத் துணி ஓரத்தில் மட்டும் பிடித்து, பூவில் தன் விரல் படாதபடி, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.