ஏஞ்சலாவின் வேலைக்குரல்

ஏஞ்சலாவிடம் மூன்று இங்கிலீஷ் உண்டு. வீடு இருக்கிற வெக்ஸ்போர்ட் பகுதியில் கூட வளர்ந்த சிநேகிதிகளோடு கதைக்கும்போது, அல்லாமேல் சத்தியம் பண்ணுகிற மாதிரி வாக்கியத்துக்கு ஒரு ‘வல்லா’ விழும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பிள்ளை, சோமாலிச் சிநேகிதியிடம் பிடித்த அந்தச் சொல்லை விடமாட்டாள்! வீட்டில் தமிழில் தொடங்குவது பாதிவழியில் இங்கிலீஷாகிவிடும். மூன்றாவது, வேலை செய்கிற பல் வைத்தியரின் ஒஃபிசில் காப்புறுதிக்காரரோடு கதைக்கவென்றே வைத்திருப்பது. கஞ்சி போட்டு மடித்த சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இராது. அதை அம்மா செலீன் கேட்டதேயில்லை.

அன்று பின்னேரம் செலீனுக்கு முதியோர் இல்லச் சமையலறை வேலைக்கு நேர்முகம். “அம்மா, நீங்கள் அங்க வாயைத் திறக்காதேங்கோ. நான் வந்து கதைக்கிறன்” என்று முதல்நாள் சொல்லி, அரைநாள் லீவும் போட்டிருந்தாள் ஏஞ்சலா. செலீன் முகத்தைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

காலையில் ஒஃபிஸ் போன் அடித்தது. போன் எடுக்கிற ஜூலி வரவில்லை. ஏஞ்சலா எடுத்து, வேலைக்குரலில் வணக்கம் சொன்னாள்.

“ஹலோ மிஸ், ஏஞ்சலா பிளீஸ். ஐ ஆம் ஹேர் மதர்.”

அட கடவுளே, பெற்ற தாய்க்கே பிடிபடவில்லை! சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். ஆனால் தான் இல்லாத இடத்தில் அம்மா எப்படி இங்கிலீஷ் கதைப்பார்? அறியும் ஆசை விடவில்லை. ஏஞ்சலா பிசி, ஏதும் சொல்லவேண்டுமா என்று அதே குரலில் கேட்டாள்.

செலீன் ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக எடுத்துவைத்தார். மகளை இன்று தன்னோடு வரவேண்டாம் என்று சொல்லட்டாம். நல்ல பிள்ளைதான், ஆனால் அவள் பக்கத்தில் நின்றால் தன்னுடைய இங்கிலீஷ் பயந்துவிடுகிறதாம்.

அதே வேலைக்குரலில் ஏஞ்சலா, சொல்கிறேன் என்றாள்.

“யூ ஸ்பீக் வெரி நைஸ், மிஸ். விச் கன்ட்ரி?”

“வெக்ஸ்போர்ட்.”

“மை டோட்டர் ஆல்சோ!” செலீனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஒரே புளுகம்.

ஏஞ்சலா லீவை ரத்துச் செய்தாள். பின்னேரம் முழுக்க வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்தால், செலீன் தேத்தண்ணியோடு நிற்கிறார்.

“திங்கள் வேலைக்கு வரச் சொல்லிட்டினம். உங்கட ஒஃபிஸில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருக்கிறாளெல்லே? தங்கமான பிள்ளை. நான் சொன்னது முழுக்க அவளுக்கு விளங்கினது. உனக்குத்தானடி ஒண்டும் விளங்கிறேல்லை.”

“ஓம் அம்மா” என்றாள் ஏஞ்சலா. அந்தப் பிள்ளை நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அம்மாவின் இங்கிலீஷ் மறுபடியும் பயந்துவிடும். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள்.