அமாவாசையன்று எடுத்த இரண்டு படங்கள்

குமாரபாளையம் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஜவுளி வளாகத்தில் நூற்று இருபது கடைகள். அதில் முப்பத்தேழாம் எண் துண்டுக்கடை என்னுடையது. நூற்று இருபது முதலாளிகளும் செய்யத் துணியாத ஒரு காரியத்தை, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிற ஒரு பெண் செய்தாள். சொல்லும்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் பெயர் கோகிலவாணி. நாற்பது வயது. பத்து வருடம் தறிப்பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றியவள். இந்தச் சரக்கு வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது அவள் கணவன் அறிவு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சம்பளம் அதிகம் என்று அவன் வடக்கே போய்விட்டான். வருடத்தில் பத்து மாதம் அங்கேதான். வண்டியை விற்றுவிடச் சொல்லி சொந்தக்காரர்கள் ஆள் கூட்டி வந்தபோது, வாணி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பட்டறைகளிலிருந்து துண்டு மூட்டைகளை ஏற்றி எங்கள் கடைகளுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. ஆண்பிள்ளைகள் நாலு தடவை முன்னும் பின்னும் ஆட்டுகிற எங்கள் சந்தில், அவள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவாள்.

போன வருடம் வளாகத்தின் வண்டி நிறுத்தத்தை ஒரு தனியார் ஆள் குத்தகைக்கு எடுத்தான். கேட்டில் கேமரா வந்தது. சரக்கு வண்டிக்கு ஒரு மணி நேரம் இலவசம். நாள் முழுக்க நின்றால் ஆயிரத்து ஐநூறு அபராதம். ஏழு நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு, கட்டும்வரை கேட் திறக்காது. எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. எரிந்து என்ன பயன், டீக்கடையில் பேசிவிட்டுக் கலைந்துபோனோம்.

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் வாணிக்கு அந்த நோட்டீஸ் வந்தது. காலை ஆறு ஐந்துக்கு உள்ளே வந்த வண்டி மாலை ஆறரைக்குத்தான் வெளியே போனது என்று இரண்டு படங்களோடு அச்சடித்திருந்தார்கள். உண்மை எனக்கே தெரியும். காலையில் என் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பினாள். முன்னால் போன லாரிக்காகத் தூக்கிய கேட் இறங்குவதற்குள் இவளும் போய்விட்டாள், கேமரா பிடிக்கவில்லை. மாலையில் மறுபடி வந்தபோது கரண்ட் இல்லை. கேட் காவலாளி அம்மாசி கையால் தூக்கிவிட்டார். வெளியே போகும்போது கரண்ட் வந்திருந்தது. இரண்டு நடையை ஒரே நடையாக்கிவிட்டது மெஷின்.

அந்த நோட்டீஸோடு என் கடையில் வந்து உட்கார்ந்தாள். கட்டித் தொலைத்துவிடச் சொன்னேன். எதிர்த்துப் பேசித் தோற்றால் மூவாயிரம். அதைவிடப் பெரியது, கேட் அடைத்துவிட்டால் எந்தக் கடைக்காரன் அவளுக்கு லோடு கொடுப்பான்? அவளுக்கும் இதெல்லாம் தெரியும். விரலை மடக்கி மடக்கி யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"கட்டிட்டா, பகலெல்லாம் நிறுத்திப்போட்டு நானே ஏமாத்துனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரிங்கண்ணா. அடுத்த மாசமும் போடுவாங்க. அப்பவும் ஒத்துக்கோணும்."

பிறகு கேட்டாள்.

"நான் வெளிய போனதை நீங்க பாத்தீங்கல்லங்க. அவங்க ஆபீசுக்கு ஒரு எட்டு எங்கூட வாரீங்களாங்கண்ணா?"

தை மாதம் என் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வளாக உரிமையாளரும் குத்தகைக்காரனும் மாமன் மச்சான். சரக்கு வருகிறது, கடையை விட்டு நகர முடியாது என்றேன். அன்று எனக்கு எந்தச் சரக்கும் வரவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும், ஏனென்றால் என் சரக்கைக் கொண்டுவருவதே அவள்தான். சரிங்கண்ணா என்று எழுந்து போனாள்.

ஆபீசில் நடந்தது அம்மாசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குத்தகைக்காரனின் மேனேஜர் தமிழரசு, மெஷின் பொய் சொல்லாது என்று தொடங்கியிருக்கிறார். வாணி மெஷின் எடுத்த படங்களையே அவர் முன்னால் வைத்தாள். காலைப் படத்தில் வண்டி முழுக்கச் சேறு. முகப்பில் காய்ந்து கறுத்த பழைய எலுமிச்சம்பழம். மாலைப் படத்தில் கழுவித் துடைத்த வண்டி. கண்ணாடியில் சந்தனம், குங்குமம், முகப்பில் சாமந்திச் சரம், பச்சை மாறாத புது எலுமிச்சம்பழம். அமாவாசைக்கு அமாவாசை மதியம் வடக்கே அறிவு ரிக் வண்டிக்குப் பூசை போட, இங்கே வாணி வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிப் பூசை போடுவாள். எங்கள் பக்கத்தில் சக்கரம் வைத்திருக்கிற எவரும் அதைத் தவறவிட மாட்டார்கள்.

தமிழரசு விடவில்லை. உள்ளே நிறுத்தியே பூசை போட்டிருக்கலாமே என்றாராம்.

"வண்டி கழுவக் கூடாதுன்னு உள்ள போர்டு வெச்சது நீங்கதானுங்க. கொழாய்க்கும் பூட்டுப் போட்டிருக்கறீங்க. இத்தனை சேறு எப்படிப் போச்சுங்க?"

அவர் ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார். அதிலும் முந்தின நாள் சந்தனம் இருந்தது. சரி, இந்த ஒருமுறை மன்னித்துத் தள்ளுபடி செய்கிறோம் என்று ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நானாக இருந்தால் அவர் பேனாவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். வாணி தாளை முழுக்கப் படித்தாள்.

"மன்னிக்கறதுக்கு நான் ஒண்ணும் பண்ணலீங்களே. தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்."

அப்படியானால் தலைமை ஆபீசுக்குத்தான் அனுப்ப வேண்டும், பதில் வரும்வரை கேட் திறக்காது, மறுத்துவிட்டால் மூவாயிரம் கட்ட வேண்டும் என்றார் தமிழரசு. அனுப்புங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்து, மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடைகளுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கடைக்காரர்கள் வேறு வண்டி வைத்துக்கொண்டார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, புலம்பவும் இல்லை. நாலாம் நாள் நான் போய்ப் பின்னாலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

பத்தாம் நாள் காலை அம்மாசி கேட்டைத் தூக்கிவிட்டு, அவள் உள்ளே போகும்வரை எழுந்து நின்றார். என் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். 'தவறு எங்கள் பதிவில் நேர்ந்தது' என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு மடித்து ஆர்சி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. வைகாசியில் எனக்கும் இதே அபராதம் வந்தது, என் வேனும் அன்று பகலில் உள்ளே நிற்கவில்லை, ஆனாலும் கட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு மாதமாக வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்.

வாணி சிரிக்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"ரசீது இருக்குதுங்களா? எடுங்கண்ணா. நானும் கூட வாரேன்."

கல்லாவைத் திறந்து ரசீதைத் தேடினேன். கண்ணீர் கண்ணை மறைத்தது, தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.