பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்கள்

அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவன் நான். லாரியில் ஏறும் மூட்டை, வேகனில் ஏறும் மூட்டை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடைக்கு மாடிப்படி இருபத்திரண்டு என்பது முதல்முறை ஏறும்போதே தெரிந்துவிட்டது.

அது இரண்டாயிரத்து நாலு. பூலாம்பாடிப் பையனுக்கு மகளைக் கொடுத்தோம். கல்யாணம் பெரம்பலூர் மண்டபத்தில். ஒரு மாதம் கழித்து, டிவிடி போடுவதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார் எடிட்டர். என் மனைவியும் கூட வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று நான் வழி முழுக்கப் புலம்பியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

கம்ப்யூட்டர் திரையின் அடிப்பகுதியில் நான்கு பட்டைகள் தெரிந்தன. ஒன்று சினிமாப் பாட்டு, ஒன்று நாதஸ்வரம், ஒன்று மேடை மைக், ஒன்று கேமரா தானாகப் பிடித்த சத்தம். எடிட்டருக்கு முப்பது வயதிருக்கும். புதிதாக வாங்கிய சாஃப்ட்வேரைக் காட்டும் ஆசை முகத்தில் வழிந்தது.

"சார், இதுல ஆறு சேனலா எடுக்கலாம். முன்னாடி ரெண்டு பாக்ஸ்ல பாட்டு, நடுவுல மேடை மைக்கு, கீழ ஒரு பெரிய பாக்ஸ்ல மேளத்தோட அதிர்வு. பின்னாடி ரெண்டுல ஜனங்க பேசுற சத்தம் மட்டும் வரும். மண்டபத்துக்குள்ளயே உக்காந்திருக்க மாதிரி இருக்கும் சார்."

"எங்க வீட்டு டிவில ஸ்பீக்கர் ரெண்டுதான். மீதி நாலுக்கு நான் எங்க போறது?"

"பின்னாடி வாங்கிக்கலாம் சார்."

"வாங்க மாட்டேன்."

"ஏங்க, தம்பி ஆசையாக் கேக்குது. போட்டுட்டுப் போவட்டுமே" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நான்கையும் இரண்டாகக் கலந்தே எடுத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்களில் ஊர்வலத்துக்குப் பாட்டு, பந்திக்குப் பாட்டு, மொய் எழுதுவதற்கும் பாட்டு. மனிதர்கள் வாயசைப்பார்கள், அவ்வளவுதான். எங்களுடையதும் அப்படியே வந்தது. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தோம்.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில், மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

வீட்டில் அவள் இருக்கும் போட்டோ அறுபத்து நான்கு. குரல் ஒன்றுகூட இல்லை. முகத்தைப் பார்க்கப் பார்க்கக் குரல் எனக்கு மங்கிக்கொண்டே போனது. என்னைக் கூப்பிடும்போது கடைசியில் ஏற்றுவாளா, இறக்குவாளா? அதுவே சந்தேகமாகிவிட்டது. அந்த டிவிடியை எடுத்துப் போட்டேன். பந்திக் காட்சியில் அவள் இலைகளுக்கு நடுவே நின்று யாரையோ கூப்பிடுகிறாள். அதற்கு மேல் பாட்டு. டிவியோடு காதை ஒட்டிவைத்தும் பயனில்லை.

மறுபடி பஸ் பிடித்தேன். இருபத்திரண்டு படியில் பதினொன்றாவதில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் எடிட்டர் தலையைச் சொறிந்தார். "கலந்து எடுத்ததுலேருந்து தனியாப் பிரிக்க முடியாது சார். சாம்பார்ல கரைச்ச புளி மாதிரி. டேப்பு மேல வேற கல்யாணம் எடுத்தாச்சு. கம்ப்யூட்டர்லயும் அழிச்சுட்டேன்."

நான் எழவில்லை. எழுந்து எங்கே போவது? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று, "சார், பந்தி சீனா கேட்டீங்க?" என்றார்.

அன்று நான் வேண்டாமென்று சொன்ன பிறகும், ஆசைக்காகப் பந்திக் காட்சியை மட்டும் ஆறு சேனலில் எடுத்து வைத்திருந்தாராம். கடைக்கு வருபவர்களுக்குப் போட்டுக் காட்டும் சாம்பிள் அதுதான். இரண்டு வருடமாகப் பெரம்பலூரில் யார் யாரோ அவள் குரலைக் கேட்டிருக்கிறார்கள்.

முன்பக்க ஸ்பீக்கர்களின் ஒயரைப் பிடுங்கினார். என் நாற்காலியைப் பின்னால் இருந்த இரண்டுக்கும் நடுவே இழுத்துப் போட்டார். பாட்டு இல்லை. வாளி இடிக்கும் சத்தம். யாரோ ரசம் கேட்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது.

"ஏங்க... ஏங்க, எங்க போயிட்டீங்க?"

ஏற்றித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"மாமா அங்க கடைசி வரிசைல இலைய எண்ணிக்கிட்டு நிக்கிறாரு அக்கா" என்று ஒரு பெண் குரல்.

"எண்ணட்டும், எண்ணட்டும். எண்ணலன்னா அவருக்குச் சோறு செரிக்காது." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும்தான். பிறகு, "ஏங்க! ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போயி எண்ணுங்க."

சமையல்காரரோடு இலைக்கு இவ்வளவு என்றுதான் பணம் பேசியிருந்தோம். எண்ணாவிட்டால் கூட்டிச் சொல்வார்கள் என்று எனக்குப் பயம். அன்று விழுந்த இலை நானூற்றுப் பன்னிரண்டு. அது இன்றும் நினைவிருக்கிறது. அவள் கூப்பிட்டது நினைவில்லை.

மற்ற நான்கு ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டேன். எதிலும் என் பதில் இல்லை.

"பின்னாடி சத்தத்த மட்டும் தனியா ஒரு டிவிடில போட்டுத் தரேன் சார். ரெண்டே சேனல். உங்க டிவில வரும்" என்றார் எடிட்டர். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் மதியம் தட்டை வைத்துக்கொண்டு அதைப் போடுகிறேன். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு நாலு விநாடிக்கு யாரும் பேசுவதில்லை, வாளிச் சத்தம் மட்டும். அதற்குள் "இதோ வரேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். நேரம் போதுகிறது.