சத்பராயி கட்டாத முத்திரை

"வாதி சத்பராயி, பர்தா விலக்காத குடும்பப் பெண், எழுத்தறியாதவர், வெளியுலகம் தெரியாதவர், ஆண்துணையின்றி வாசல் தாண்டாதவர்." மனுவின் முதல் பத்தி இப்படிச் சொன்னது. மாட்டுச் சந்தையில் எருமையின் வாயைப் பிளந்து பல் பார்த்து, தரகனின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்து விலை பேசும் அந்த விதவையைப் பற்றி இத்தனை அடக்கமாக அதற்குமுன் யாரும் எழுதியதில்லை.

விவகாரம் இதுதான். வாய்க்கால் தலைப்பில் இருந்த நிலத்தை அவள் கொழுந்தன் வெளியூர் ஹாஜி முனவ்வருக்கு விற்றுவிட்டான். தலைப்பில் அந்நியன் உட்கார்ந்தால், கீழே இருக்கும் அவள் கோதுமை அவன் தயவில்தான். பக்கத்து நிலத்துக்காரிக்கு அதே விலைக்கு முன்வாங்கும் உரிமை உண்டு; ஆனால் விற்ற செய்தி காதில் விழுந்த இடத்திலேயே அதைக் கோரியாக வேண்டும். அவள் காதில் அது விழுந்தது ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டில். சோற்றுக் கையோடு எழுந்து, "அந்த நெலம் எனக்கு! எல்லாரும் சாட்சி!" என்று கத்தினாள். செத்தவரின் மகன்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அப்படித் துள்ளி எழுந்த வழக்கு நீதிமன்றக் கட்டணத்தில் நொண்டியது. ஒட்டிய முத்திரை வில்லை போதாது, செவ்வாய்க்கிழமைக்குள் ஈடுகட்டாவிட்டால் மனு தள்ளுபடி என்று அவள் எதிரிலேயே உத்தரவைப் படித்தார்கள். பணமும் கையில் இருந்தது. செவ்வாய் வந்தது, போனது.

"எங்க போனீங்க மாசி?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டார் அவள் வக்கீல் மஸ்ஹர் வட்டூ.

"அன்னைக்கு என் தண்ணி முறை. நான் மடையில நிக்கலன்னா ஹாஜியோட ஆளு அடைச்சுட்டுப் போயிடுவான்."

"என் குமாஸ்தாகிட்ட குடுத்து அனுப்பியிருக்கலாமே?"

"குடுத்தா வில்லை வருமா, இல்ல அவன் மோட்டார்சைக்கிளுக்கு டயர் வருமா?"

"மாசி, ஹாஜிய அந்த நெலத்துலேருந்து கெளப்பத்தானே இந்தக் கேஸே!"

"கேஸ் பத்து வருசம் கழிச்சுச் சோறு போடும். கோதுமை இந்த வருசம் போடும்."

வட்டூ குரலைத் தாழ்த்தினார். "மொகத்த மூடிக்கிட்டு நில்லுங்க. 'நான் பர்தாக்காரி, உத்தரவு புரியல'ன்னு மட்டும் சொல்லுங்க. ஜட்ஜு இன்னொரு கெடு குடுப்பாரு."

நீதிபதி முன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் சம்மணமிட்ட காலைப் போல நெஞ்சு மரத்திருந்தது. புருஷனைப் புதைத்த அன்றும் இப்படித்தான். அன்று அதைப் பொறுமை என்று ஊர் மெச்சியது.

"ஜனாப், இந்த அம்மா போன மாசம் எனக்கே ஒரு எருமைய வித்தாங்க. அப்ப மூஞ்சி மூடல, வாயும் மூடல" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"பால் நல்லா கறக்குதா?" என்றது முக்காடு.

அவை சிரித்தது. வட்டூ நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "பீபி, உத்தரவு உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

புரியவில்லை என்று சொன்னால் நிலத்துக்கு இன்னும் வழி இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"புரிஞ்சுது, ஜனாப்."

மனு தள்ளுபடியானது. புதிதாகப் போடக் காலவரம்பும் கடந்திருந்தது. ஹாஜியின் ஆட்கள் தாழ்வாரத்தில் மிட்டாய் கொடுத்தார்கள், அவளிடமும் நீட்டினார்கள். வாங்கித் தின்றாள். இனிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வாதி அலட்சியமாக இருந்தார் என்றது தீர்ப்பு. கெடு நாளில் சத்பராயி மண்வெட்டியோடு மடையில் நின்று தன் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சினாள்.