அண்ணாச்சியின் விமானத்துக்கு ஒரு ட்ரிப் மீட்டிங்

நேற்று எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. வந்த சந்தோஷத்தில் அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் வாசலிலேயே போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அனல்மின் நிலைய டவுன்ஷிப்பை விட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு டவுன்ஷிப் ஒழுங்கெல்லாம் சீக்கிரம் மறந்துபோகும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சண்டைக்குப் போகவில்லை. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் மட்டும் வெளியே நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். தெர்மாகோல் கருகும் நாற்றத்தை ஆசையாக முகர்கிற ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, எனக்கு அது சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டு வாசனை.

அண்ணாச்சி கோவில்பட்டிக்காரர். அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் குவார்ட்டர்ஸ் வராண்டாவில் உட்கார்ந்து, சூடேற்றிய கம்பியால் தெர்மாகோலை அறுத்து விமானம் செய்வார். மூக்கில் சின்ன மோட்டார், வயிற்றில் பேட்டரி, கையில் இரண்டு குச்சி வைத்த ரேடியோப் பெட்டி. இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி திசைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து மைதானத்தில் பறக்கவிடுவார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த நாங்கள் மூன்று பேர் அவருக்கு வால். முத்தாண்டிக்குப்பத்து வீரமணி மெக்கானிக்கல், ஈரோட்டு நடராஜன் எலெக்ட்ரிக்கல், நான் இன்ஸ்ட்ருமென்ட். விமானத்தின் மேல் இருந்த ஆசையில் பாதி, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அண்ணாச்சி மனைவி சுடும் பணியாரத்தின் மேலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் உலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளான்ட்டில் யூனிட் திடீரென்று நின்றுபோனால் அதற்கு ட்ரிப் என்று பெயர். மறுநாள் மீட்டிங். மெக்கானிக்கல்காரர் தன் பக்கம் சுத்தம் என்பார். எலெக்ட்ரிக்கல்காரர் அதைவிடச் சுத்தம். இன்ஸ்ட்ருமென்ட்காரர்களான நாங்கள் பிறவியிலேயே சுத்தம். கடைசியில் மூன்று பேரும் ஒற்றுமையாகி, ராத்திரி டெஸ்கில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்தான் தப்பாக எதையோ அமுக்கினார் என்று முடித்துவைப்போம். இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது எல்லா ஆபீசிலும் உள்ளதுதான். அண்ணாச்சி அப்படி எத்தனையோ முறை திட்டு வாங்கியவர். சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த வருஷம் அவருடைய விமானம் அடிக்கடி கட்டுப்பாட்டை இழந்தது. மேலே போய்த் திரும்பும்போது இறக்கை சிலிர்க்கும், தடுமாறும், கவிழ்ந்து விழும். டீக்கடையில் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். மேலே போகிற ஹை டென்ஷன் லைன் சிக்னலை உறிஞ்சுகிறது என்றார் ஒருவர். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்து வயர்லெஸ் குறுக்கே மோதுகிறது என்றார் இன்னொருவர். அண்ணாச்சி எல்லாவற்றையும் நம்பினார். கடைசியாக விழுந்தது, மைதானத்து ஓரமாக நடந்துபோன ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த அம்மா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"காரணம் தெரியாம இனிமே இத மேல ஏத்தக் கூடாதுய்யா. கழட்டிப் பாருங்க" என்றார் அண்ணாச்சி.

கழற்றினோம். வீரமணி இறக்கைத் துடுப்புகளை இழுக்கும் கம்பிகளைச் சோதித்தான். நடராஜன், பிளான்ட் பழக்கம் போகாமல், பேட்டரியைக் கழற்றி அதில் "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்று சிவப்பு அட்டை மாட்டிவிட்டுத்தான் வயரையே தொட்டான். பிறகு பேட்டரியை மாட்டி, மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது விமானத்துக்குள் இருக்கும் ரிசீவருக்குப் போகும் மின்சாரம் குறைகிறதா என்று அளந்தான். குறையவில்லை. என் பங்கு சிக்னல். ரேடியோவின் சக்தியைக் குறைத்துவைத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிவரை நடந்தேன். அங்கிருந்தும் சொன்னபடி கேட்டது. அதோடு, சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி நான்தான் அமைத்திருந்தேன். விழுந்த அன்று மோட்டார் தரையில் மோதும்வரை ஓடிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டிருந்தேன். ஆக, சிக்னல் அறுபடவே இல்லை.

வராண்டாவில் விமானத்தை மேசைமேல் வைத்து, அண்ணாச்சியிடம் ரேடியோவைக் கொடுத்தேன். சும்மா பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இறக்கையின் துடுப்பு மெல்ல நடுங்கியது. நான் வாங்கிப் பிடித்தேன். அசைவில்லை. அவரிடம் கொடுத்தேன். மறுபடி நடுங்கியது. வலது குச்சியின் மேல் இருந்த அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். விமானம் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவர் கை சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறது.

அந்தக் கைக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. சொல்லாமல் விட்டால் யார் தலையிலாவது விழும். எப்படிச் சொல்வது? மற்ற இருவரையும் பார்த்தேன். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா டீ கொண்டுவந்தார். எங்களுக்கு டம்ளர் நிறைய, அண்ணாச்சிக்கு மட்டும் பாதி டம்ளர். சிந்தாமல் இருக்க அப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"சரி, மீட்டிங்கப் போடுவோம். மெக்கானிக்கல் என்ன சொல்லுது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

வீரமணி தலையைச் சொறிந்தான். "கம்பி லூசா ஆடிக்கினு இருந்துச்சுங்க. போன வாரம் நான்தான் முடுக்கினேன். வூட்டுக்குப் போற அவசரத்துல சரியா முடுக்கல. எங்க தப்புதாங்க."

கம்பி கல் மாதிரி இருந்ததை நான் பார்த்திருந்தேன். நடராஜன் தொண்டையைச் செருமினான். "அப்படியெல்லாம் இல்லைங்க அண்ணாச்சி. நான் வெச்ச சால்டரிங்தான் விட்டுப்போச்சுங்க."

என் முறை வந்தது. நாங்கள் கலந்து பேசிக்கொள்ளவே இல்லை. "ஆன்டெனாவ மோட்டார் வயரோட சேர்த்துக் கட்டிட்டேன் அண்ணாச்சி. அதான் சிக்னல் கெட்டுடுச்சு" என்றேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நாங்கள் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏ அய்யா, என் சர்வீஸ்ல ஆபரேட்டர் மேல பழி போடாத மீட்டிங்கு இதுதான் மொத மீட்டிங்கு. மூணு டிப்பார்ட்மென்ட்டும் தப்ப ஒத்துக்கிட்டீங்கன்னா, அப்ப ஆபரேட்டர்தான் காரணம். என்ன, சரியா?"

அக்கா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழாத. நாளைக்கே டாக்டரப் பாப்போம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ரேடியோவை என் மடியில் வைத்தார்.

பாண்டிச்சேரி டாக்டர் அது நரம்பு சம்பந்தப்பட்ட நோய் என்றார். மாத்திரையில் கொஞ்சம் அடங்கியது. அண்ணாச்சி தானாகவே எழுதிக்கொடுத்து, கன்ட்ரோல் ரூமிலிருந்து ஜெனரல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "மூக்கத் தூக்குய்யா, மூக்க" என்று என்னை விரட்டுவார். நான் எவ்வளவு மோசமாகப் பறக்கவிட்டாலும் அவர் கண் வானத்தைவிட்டு இறங்காது.

அந்தப் பழைய யூனிட்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மைதானம் முழுக்க இப்போது சோலார் தகடுகள். அண்ணாச்சி ரிட்டயராகிக் கோவில்பட்டிக்குப் போனார். போனில் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, ஒருநாள் அவர் நம்பரிலிருந்து அவருடைய மகள் பேசினாள்.

இப்போது வருகிற ரேடியோக்கள் எல்லாவற்றையும் தாமே பதிந்துவைத்துக்கொள்கின்றன. சிக்னல் எவ்வளவு இருந்தது, பேட்டரி எவ்வளவு இருந்தது, குச்சி எந்தப் பக்கம் எவ்வளவு அசைந்தது, எல்லாம் உண்டு. விமானம் விழுந்தால் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். அன்றைக்கு அது இருந்திருந்தால், தன் கை நடுங்குகிறது என்பதை அண்ணாச்சி திரையில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். அது இல்லாததால் எங்கள் பொய்யைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு மூன்று பேர் இருந்தோம்.