பிடிபட்டால்தான் வீடு

என் சித்தப்பாவின் இளைய மகளைக் கட்டியவர் எனக்கு மாப்பிள்ளை முறை. எல்லையோரத்து ஊரில் பேரிடர் தயார்நிலை அலுவலகத்தில் பியூனாக இருந்தார். வெள்ளம் வந்தால் கொடுப்பதற்கென்று அடுக்கி வைத்த கம்பளிகளை வெயிலில் காயப்போட்டு, மறுபடி மடித்து வைப்பது அவர் வேலை. வெள்ளம் வந்தபாடில்லை. கம்பளிதான் வெளுத்தது.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. மாதாமாதம் எல்லையில் பாதுகாப்பு ஒத்திகை நடத்த வேண்டும். ஒருவர் அந்நியனாகக் கம்பிவேலிக்கு அடியில் தவழ்ந்து வர வேண்டும். காவலர்கள் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். விசில் ஊதியதும் ஒரு டீ கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தவழ யாருக்கு மனசு வரும்? "கம்பளி மடிக்கிறவருக்கு முதுகு நல்லா வளையும்" என்று மேனேஜர் இவரைக் கைகாட்டிவிட்டார்.

தங்கை கிழிந்த கம்பளியில் முட்டிக்கு உறை தைத்துக் கொடுத்தாள். "ஊர்ல எல்லாப் புருஷனும் நிமிர்ந்து நடந்து சம்பாதிக்கிறான். எனக்கு வாய்ச்சது தவழுது" என்று சொல்லிக்கொண்டேதான் தைத்தாள்.

மாப்பிள்ளை வேலையில் ஊறிப்போனார். பிடிபட்டதும் சும்மா வரமாட்டார், புளுகுவார். "நான்தான் சார், இந்த ஆபீஸ் ஆளு! அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன் சார்! என் மச்சான் அடுத்த தெருவுலதான் இருக்காரு, கேட்டுப் பாருங்க!" அந்நியன் எப்படியெல்லாம் பொய் சொல்லுவான் என்று காவலர்களுக்குக் காட்டவேண்டுமாம். அதை வீடியோ பிடித்துப் பயிற்சிப் பள்ளியில் போட்டார்கள். 'இப்படிச் சொன்னால் நம்பாதே' என்பது முதல் பாடம். ஊரே அவரை ஊடுருவி என்று கூப்பிடத் தொடங்கியது.

எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காவலர்களும் நம் பேச்சு பேசுகிறவர்கள்தான். ஒத்திகை நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். நல்ல இடம் வந்தால் கைதட்டுவார்கள்.

பிறகு குடியேற்றச் சீர்திருத்தம் வந்தது. பழைய காவலர்கள் எல்லோரும் மாற்றலாகிப் போனார்கள். புது அதிகாரி, புது ஆட்கள், பேருந்து நிலையத்தில் முகம் பார்க்கும் கேமரா. எல்லையில் இதுவரை பிடிபட்டவர்களின் படங்களை எல்லாம் அதில் ஏற்றினார்கள். எல்லையில் பிடிபட்டவர் என்று அந்த ஊர் கண்டது ஒரே ஒருவரைத்தான். கேமராவுக்குள் கூட்டம் கூட்டமாக இருந்ததெல்லாம் என் மாப்பிள்ளை.

குக்கர் கைப்பிடி வாங்கிக்கொண்டு அவர் பேருந்து நிலையம் வழியாக வந்தார். கேமரா ஊளையிட்டது.

"நான்தான் சார், ஆபீஸ் ஆளு!"

புதுக் காவலர்கள் சிரித்துவிட்டார்கள். "முதல் பாடம்!"

"வீட்டுல பொண்டாட்டி பார்த்துக்கிட்டு இருப்பா சார்..."

"அடுப்புல பாலும் இருக்குமே?"

சேதி கேட்டுத் தங்கையும் நானும் ஓடினோம். நான் அவர் மச்சான் என்றேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, அடுத்த தெரு மச்சானா? வீடியோவுல சொல்றானே, அந்தப் பொய் மச்சான்!"

எனக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது.

புதுச் சட்டப்படி விசாரணை கிடையாது, பிடித்த அன்றே அனுப்பவேண்டும். அவரை வேலிக்கதவுக்கு வெளியே தள்ளினார்கள். அந்தப் பக்கத்துக் காவலர் தன் கதவைச் சாத்திக்கொண்டார். "இவரு உங்க ஆளுங்க. எங்களுக்குத் தெரியாதா? போன தடவை சாக்கடைக் குழாய்ல வந்தீங்களே அண்ணே, பிரமாதம்!"

"பார்த்தீங்களா, எதிரியே சிபாரிசு பண்றான்" என்றார் நம் அதிகாரி. "சந்தேகமே இல்ல, அவங்க ஆளுதான்."

இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அதில் கைப்பிடியும் கையுமாக மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தார் ஒரு நாற்காலியை வெளியே வைத்தார்கள். தங்கை தினமும் வேலிவழியே சோறு கொடுத்தாள். முட்டி உறையையும் ஒருநாள் உள்ளே போட்டாள். "தரை சில்லுன்னு இருக்கும், போட்டுக்கிட்டுப் படுங்க." அதுவரை அழாதவள், திரும்பி நடக்கும்போது அழுதாள். "அண்ணே, இவர் இங்கேயே கிடந்தா வீட்டுல நான் யாரைத் திட்டுவேன்?"

மாத ஒத்திகை நாள் வந்தது. தவழ வேண்டியவர் பெயரோடு உத்தரவும் வந்தது. "யாருய்யா இது?" என்று கேட்டார் அதிகாரி. மேனேஜர் வேலிப்பக்கம் கையை நீட்டினார்.

அதிகாரி தலையைச் சொறிந்தார். நாடு கடத்தப்பட்டவரைத் திரும்ப அழைக்கச் சட்டத்தில் இடமில்லை. மேலிடத்து உத்தரவை மீறவும் முடியாது. கடைசியில் முகம் தெளிந்தது. "அந்நியன் அந்தப் பக்கத்துல இருந்துதானே வரணும்? அங்கேதானே இருக்கான்? வரச் சொல்லு. பிடிச்சு, விசில் ஊதி, முறைப்படி வீட்டுக்கு அனுப்பிடலாம். ஒருவேளை பிடிபடலேன்னா, அது நிஜ ஊடுருவல். அதுக்குத் தனிச் சட்டம்."

தங்கைக்குப் பார்க்கத் தைரியமில்லை, வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வேலியோரம் நின்றேன்.

மாப்பிள்ளை உறையை மாட்டிக்கொண்டு தவழ்ந்தார். வேலிக்கு அடியில் வந்தார். யாரும் பார்க்கவில்லை. புதுக் காவலர்கள் ஒரே திசையில் விறைப்பாக நின்றார்கள், அது வேறு திசை. மாப்பிள்ளை இருமினார். யாரும் திரும்பவில்லை. காவலர் கூடத்தையும் தாண்டினார். இன்னும் கொஞ்சம் போனால் ஊர் வந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அவர் ஊடுருவிதான். அந்தப் பக்கத்தார் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். "ஐயா, உங்க முதுகுக்குப் பின்னால! பிடிங்கய்யா, பாவம்!" நம்மவர்கள் எதிரி பேச்சைக் கேட்பார்களா?

மாப்பிள்ளை குக்கர் கைப்பிடியை ஓங்கி ஒரு காவலரின் தலைக்கவசத்தில் எறிந்தார்.

டணங்!

பிடித்தார்கள். ஆள்மேல் ஆள் விழுந்து பிடித்தார்கள். அந்தப் பக்கம் கைதட்டல் ஓயவில்லை. விசில் ஊதினார்கள். டீயும் கொடுத்தார்கள், ஆறிப்போன டீ.

நான்தான் வீடுவரை கூட்டிப்போனேன். மாப்பிள்ளை கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் தங்கை உள்ளிருந்து.

வாய்வரை வந்த 'நான்தான்' அங்கேயே நின்றுவிட்டது. திருதிருவென்று என்னைப் பார்த்தார். அதற்குள் அவளே திறந்தாள். அவரைப் பார்த்தாள், வெறுங்கையைப் பார்த்தாள்.

"கைப்பிடி எங்கே?"

"ஆயுதம்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"ஒரு சாமானை வாங்கி ஒழுங்கா வீடு வந்து சேரத் தெரியுதா உங்களுக்கு!" என்று கத்திவிட்டு, அவள் குனிந்து அவர் முட்டியில் உறையை அவிழ்க்கத் தொடங்கினாள்.