கத்திப் பேசுகிற வீடு

எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. கத்துவோம். சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சோறு வைக்கவா, வெந்நீர் போடவா, குடை எங்கே, எல்லாமே கத்தல்தான். அப்பா கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் இருபது வருஷமாக மெஷின்களுக்கு நடுவே நின்றவர். அங்கே பக்கத்தில் நிற்கிறவரிடம் மணி கேட்பதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தக் குரலை மில் கேட்டோடு விட்டுவிட்டு வராமல் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல அம்மாவும் கத்தினாள். பேச்சு என்றாலே இதுதான் போலிருக்கிறது என்று அண்ணனும் நானும் வளர்ந்தோம். ஒரே வளவில் எட்டு வீடுகள். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது புளி கரைக்கும் முன்பே மற்ற ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

ஷிப்டு முடிந்து அப்பா வரும்போது தலை, மீசை, புருவமெல்லாம் பஞ்சு படிந்திருக்கும். மெஷின் சத்தத்துக்காக இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி அடைத்திருப்பார். அதை எடுத்துவிடும் உரிமை என்னுடையது. அண்ணன் எத்தனையோ முறை கேட்டான், நான் விட்டுக்கொடுக்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர் பெரிய வேலை பார்க்கிறவர் என்று எனக்கு அப்போது ஒரு மரியாதை.

நான் நாலாம் வகுப்பு. உயரமாக இருக்கிறாள் என்று கடைசி பெஞ்சில் போட்டிருந்தார்கள். டீச்சர் முன்பெஞ்சுப் பிள்ளைகளோடு மட்டும் ஏதோ ரகசியம் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நமக்குச் சொல்லாத ரகசியம் நமக்கு எதற்கு? ஜன்னல் வழியாக ரயில் பார்ப்பேன். எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கினால் எழுந்துபோய் யார் நோட்டிலாவது எட்டிப் பார்ப்பேன். எல்லாரும் எழுந்தால் நானும் எழுவேன். அவர்கள் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் கொடிமரமாக நின்றுகொண்டிருப்பேன். முட்டிபோட வைத்தார்கள். முட்டிபோட்டபடியே நகர்ந்துபோய் அடுத்த பிள்ளையின் நோட்டைப் பார்த்தேன்.

தலைமையாசிரியை அம்மாவை வரச்சொன்னார்.

"இந்தப் பிள்ளைக்குப் புத்தி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. அரைப்பரீட்சை வரைக்கும் பாப்பேன். தேறலைன்னா கூட்டிட்டுப் போயிருங்க. தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புனா கையாவது ஓடும்" என்றார்.

எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். விடியும் முன்பே அதன் பஸ் வந்து ஆரன் அடித்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். எனக்கானால் உள்ளூர சந்தோஷம், தினமும் பஸ் சவாரி கிடைக்குமே என்று. அம்மாவுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. அவள் எட்டு வயதில் அந்த ஆபீசுக்குப் போனவள். கையெழுத்து போடச் சொன்னால் அன்றைக்கும் கட்டைவிரலைத்தான் நீட்டுவாள். என்னையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வைராக்கியம்.

"டீச்சரம்மா, வீட்டுல இவ ஒரே இருப்பா இருந்து ஒரு குரோஸ் தீப்பெட்டி ஒட்டுதா. புத்தி நிக்காத பிள்ளை நூத்திநாப்பத்திநாலு பெட்டி ஒட்டுமா? வேற என்னமோ இருக்கு" என்று அம்மா வாதாடினாள். தன் வழக்கப்படி கத்தித்தான் வாதாடினாள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றுபோயிற்று.

"அப்ப அந்த வேலையையே செய்யட்டும்" என்றார் தலைமையாசிரியை. அம்மா எடுத்துக்கொடுத்த சாட்சி அவளுக்கே வினையாகிவிட்டது.

வளவே கூடி எனக்கு வைத்தியம் சொன்னது. வயிற்றில் பூச்சி என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். உடம்புச் சூடு என்றார்கள். தலையில் ஒரு படி எண்ணெய் வைத்தார்கள். கடைசியில் மெட்ராஸில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். தட்டியதும் கால் எகிறியது. சுத்தியல் எப்படி இருக்கிறது என்று நானும் எடுத்துப் பார்த்தேன், அவர் முழங்காலில் தட்டியும் பார்த்தேன். அதோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"ஹைப்பர் ஆக்டிவ்" என்றார். காலையும் ராத்திரியும் ஒரு பழுப்பு நிற சிரப். இனிப்பு கண்ணிலேயே காட்டக் கூடாது.

இப்போது அதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது உண்மையிலேயே உள்ள பிள்ளைகளும் உண்டு, அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். எனக்கு இருந்தது அது இல்லை, அவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. இங்கிலீஷில் இருந்தது ஒரு காரணம். "எம் பிள்ளை ஹைப்பர் ஆக்டிவ்! டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு!" என்று டீக்கடையில் கத்தினார். கேட்டவர்கள் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கைகொடுத்தார்கள்.

சிரப்பைக் குடித்தால் தூக்கம் சொக்கும். கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவேன். "இப்பத்தான் அடங்கிட்டா, மருந்து நல்லா வேலை செய்யுது" என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். அப்பாவுக்கு நிம்மதி. அம்மா மட்டும் ஆறவில்லை.

"தூங்குத பிள்ளை அடங்கித்தாங்க இருக்கும். அதுக்கு எதுக்கு ஸ்கூலு? அந்த டாக்டர் என்னத்தையோ விட்டுட்டாரு."

"மெட்ராசுல படிச்சவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமோ? பரீட்சை வரைக்கும் பாப்போம். இல்லைன்னா ஆபீசுதான்" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து மில்லில் ஸ்ட்ரைக். பத்து நாள் கேட்டுக்கு முன்னால் நின்று கோஷம் போட்டதில், இருபது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய அந்தத் தொண்டை ஒரேயடியாகக் கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. ஒரு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று அதே டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கத்தாததால் அம்மாவும் கத்தவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் வளவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்த அப்பா தண்ணீர் கேட்டிருக்கிறார். நாலு தடவை கேட்டிருக்கிறார். ஐந்தாவது தடவை பசைச் சட்டியின் மூடி பறந்துவந்து என் முதுகில் விழுந்தது.

திரும்பினேன். அப்பா முகம் சிவந்து வாயைக் கோணிக்கொண்டிருந்தார். திட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது. தொண்டை சரியில்லாததால் சும்மா வாயை அசைத்துப் பழகுகிறார் போலும் என்று நினைத்து நான் பாட்டுக்கு மறுபடி திரும்பிக்கொண்டேன். "பாத்தியா திமிர! ஹைப்பர் ஆக்டிவ் முத்திப் போச்சு" என்று அவர் அம்மாவிடம் ஊதினாராம்.

அம்மா மெல்ல எழுந்துவந்து எனக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டாள். நின்று, கத்தாமல், ஊரில் மற்ற அம்மாக்கள் பேசுகிற மாதிரிக் கேட்டாளாம்:

"ஏட்டி, கடலைமிட்டாய் வேணுமா?"

மூன்று வாரமாக இனிப்பே தின்னாத பிள்ளை நான். கோவில்பட்டியில் பிறந்தவள். நான் திரும்பவில்லை. நூற்றுப் பன்னிரண்டாவது பெட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் கோலிக்குண்டு ஆடிக்கொண்டிருந்த அண்ணன்தான் விழுந்தடித்து ஓடிவந்து, "எம்மா, எனக்கு!" என்று கையை நீட்டினான்.

அம்மா எனக்கு எதிரே வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு முகம். பெட்டியைக் கோணலாக ஒட்டிவிட்டேன் என்று நான் பயந்தேன். அவள் என் முகத்துக்கு நேரே கத்தினாள்.

"ஏட்டி! ஒனக்குக் காது கேக்குதா?"

"கேக்குதே! எதுக்குக் கத்துதே?" என்று நானும் கத்தினேன்.

கத்தினால் கேட்கிறது. எங்கள் வீட்டில் கத்துவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பெற்ற தாய்க்கு ஒரு வருஷமாகப் பிள்ளையின் காது அடைத்திருப்பது எப்படித் தெரியும்? "நான்தான் பாவி, நான்தான் பாவி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப ஹைப்பர் ஆக்டிவ் இல்லையா?" என்று அப்பா காற்றுக் குரலில் கேட்டார். டீக்கடையில் இனி என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு.

ஸ்ட்ரைக் என்பதால் அப்பாவும் கூட வந்தார். மூன்று பேரும் பஸ் ஏறி, கயத்தாறு தாண்டி, திருநெல்வேலியில் காதுக்கென்றே இருந்த ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். என் வலது காதுக்குள் பார்த்தார். இடது காதுக்குள் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, கொஞ்ச நேரம் கழித்து நீளமான ஒரு இடுக்கியை விட்டார். எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கறுத்துப்போன ஒரு பஞ்சு உருண்டை வந்தது. அதற்குப் பின்னால் அரை அங்குலத் தீக்குச்சி. அடுத்த காதிலிருந்து இன்னொரு பஞ்சு உருண்டை.

டாக்டர் எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"வீட்ல என்னம்மா தொழில்?"

"இவிய மில்லுல இருக்காவ. நாங்க தீப்பெட்டி ஒட்டுதோம் டாக்டரய்யா."

"அதான் ரெண்டும் இருக்கு" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்புக்கொண்டேன். அப்பாவைப் போல வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, போன வருஷம் ஒரு நாள் பஞ்சை உருட்டி வைத்தேன். உள்ளே போய்விட்டது. தீக்குச்சியால் எடுக்கப் பார்த்தேன். அது ஒடிந்து அதுவும் உள்ளே போய்விட்டது. சரி, ஒரு காதில் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அடுத்த காதிலும் வைத்துவிட்டேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, சத்தம்தான் வரவில்லை. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு முதுகில் ஒரு அடி வைத்தாள்; அடித்த இடத்தைத் தடவியும் கொடுத்தாள். அவள் கையிலிருந்த கண்ணாடி வளையலுக்குச் சத்தம் உண்டு என்பதை நான் அப்போதுதான் திரும்பவும் கண்டுகொண்டேன்.

எழுந்திருக்கப் போனவள் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டரய்யா, இவியளுக்கும் கொஞ்சம் பாத்திருங்க. இவியளும் பஞ்சுதான் வைக்காவ, அதுவும் இருபது வருசமா."

அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மா அவரைப் பிடித்து நாற்காலியில் தள்ளினாள். என்னைவிட இருபது மடங்கு சாமான் வரும் என்று நான் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். டாக்டர் இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் எடுக்கவில்லை. இரண்டு பல் உள்ள ஒரு இரும்புக் கரண்டியைத் தட்டி, அப்பாவின் காதருகே பிடித்து, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார்.

ஙொய் என்று அது பாடியது. எட்டி நின்ற எனக்கே கேட்டது. அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வகுப்பில் நான் அடுத்த பிள்ளையைப் பார்ப்பேனே, அதே பார்வை. நான் லேசாகத் தலையை ஆட்டினேன். அப்பா கையைத் தூக்கினார். அடுத்த காது, தலையாட்டினேன், தூக்கினார். மூன்றாம் தடவை டாக்டர் என்னைக் கவனித்துவிட்டார். அப்பாவின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். அதற்குப் பிறகு கரண்டி எத்தனையோ தடவை பாடியும் அப்பாவின் கை மடியிலேயே கிடந்தது. நன்றாகப் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தவரை இந்த டாக்டர் கெடுத்துவிட்டாரே என்று எனக்குக் கோபமான கோபம்.

"காது சுத்தமாத்தாம்மா இருக்கு. எடுக்கதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்னதுகூட எனக்குக் கேட்டது. இந்த நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடிப்போய் அப்பாவின் காதில் கத்தினேன்: "எப்பா! ஒங்க காதுல ஒண்ணுமே இல்லையாம்! சுத்தமா இருக்காம்!" அப்பா பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக் கதையை முடித்துவிடுகிறேன். டீச்சர் ரகசியம் எதுவும் பேசவில்லை, பெருக்கல்தான் நடத்தியிருக்கிறார் என்பது தெரிந்தது. அரைப்பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறினேன். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் எங்கள் வளவைத் தாண்டி என்னை ஏற்றாமலே போயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் அன்றைக்குத் திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸை நான் மறக்கவில்லை. கண்டக்டர் விசில், டிக்கெட் கிழிக்கிற சத்தம், பின்சீட்டில் ஒரு குழந்தையின் விக்கல், எல்லாம் ஒன்றாக வந்து காதில் மோதியது. அப்பா முன்சீட்டில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். அம்மா எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதபடியே வந்தாள். என் காதும் சரியாகிவிட்டது, அப்பா காதும் சுத்தம். இவள் எதற்கு அழுகிறாள்?

கயத்தாற்றில் பஸ் நின்றபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, இனிமே ஒங்கிட்ட யாரும் கத்த மாட்டோம். ஆனா நீ அப்பாகிட்ட மட்டும் எப்பவும் கத்தியே பேசு, என்ன?"

"எதுக்கு?" என்றேன், வாய் நிறைய மிட்டாயோடு. "அப்பாவுக்குத்தான் காதுல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா?"